அகச்சிவப்பில் தெரியக்கூடாத வளையம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டேன், நீ "ம்" என்றாய், இரண்டு பேரும் வைத்துவிட்டோம். ஆனால் கேள்வி எங்கேயும் போகவில்லை. அரிசி களையும்போது பக்கத்தில் நிற்கிறது. ஜெபமாலை சொல்லும்போது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எந்த மணியில் விட்டேன் என்று தெரியாமல் மறுபடி முதலில் இருந்து தொடங்குகிறேன். பேச்சில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் வேறு எங்கேயோ போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். முப்பது தாண்டிய, இவ்வளவு படித்த பெண்ணுக்கு, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான் பாடம் எடுக்க வரவில்லை. உன்னைத் தேற்றும்படியான வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை நீ உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாலும் சரி, எங்காவது அச்சில் போட்டாலும் சரி. வீட்டை விட்டு இவ்வளவு தூரம் போய் எதையோ தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் உன்னைப் போல எத்தனையோ பேர் இருப்பார்கள்.

முதலில் உன் வேலையை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா பார். தப்பென்றால் திருத்து. பெரிய விண்மீன் ஒன்று ஆயுசு முடிந்து வெடிக்கிறது, அதைத்தான் சூப்பர்நோவா என்கிறீர்கள். அந்த வெளிச்சம் கொஞ்ச காலத்தில் அடங்கிவிடும். ஆனால் அது வீசி எறிந்த கூடு ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு விரிந்துகொண்டே, வழியில் கிடக்கும் வாயுவையெல்லாம் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் கூடுதான் எச்சம். இங்கிருந்து பார்த்தால் வளையம் மாதிரித் தெரியும். இருக்க வேண்டிய எச்சங்கள் ஏராளம், இதுவரை கண்டுபிடித்தது கொஞ்சம்தான், மீதியைத் தேடும் கூட்டத்தில் நீயும் ஒருத்தி. இதில் என்ன சிக்கல் என்றால், வளையமாகத் தெரிவதெல்லாம் எச்சம் இல்லை. இளசான, கொதிக்கிற விண்மீன் தன்னைச் சுற்றியிருக்கும் வாயுவைச் சூடாக்கினாலும் அதுவும் வளையம் போட்டு ஒளிரும். ஒன்று சாவு வீடு, இன்னொன்று பிள்ளை பெற்ற வீடு. தெருமுனையில் நின்று பார்த்தால் இரண்டு வாசலிலும் செருப்புக் குவியல்தான் தெரிகிறது.

அதனால் ஒரே இடத்தைப் பல விதமாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னாய். புனே பக்கம் வயல்வெளியில் நிற்கும் பெரிய கிண்ணங்களில் ரேடியோ அலையைப் பிடிக்கிறீர்கள். ஒரு அலைவரிசையில் பார்த்துவிட்டு அதைவிட உயர்ந்த அலைவரிசையில் பார்த்தால், எச்சம் மங்கிக்கொண்டே போகும், சூடான வாயு அநேகமாக அப்படியே இருக்கும். கண்ணால் பார்க்கும் ஒளியில் பார்த்தால், அதிர்ச்சி பட்ட வாயுவில் கந்தகத்தின் நிறம் தூக்கலாகத் தெரியும். எக்ஸ்ரேயில் பார்த்தால் பயங்கரமாகக் கொதிக்கிற வாயு தெரியும், ஆனால் நடுவில் தூசி மண்டிக்கிடந்தால் எக்ஸ்ரே நம்மிடம் வந்தே சேராது, அதனால் அங்கே தெரியாததை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. கடைசியாக அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத சூட்டு வெளிச்சம். இளம் விண்மீனைச் சுற்றிய தூசி அந்தச் சூட்டில் பளிச்சென்று தெரியும். எச்சம் அங்கே அநேகமாகத் தெரியாது. எனக்கு இதுதான் ஆச்சரியமாக இருந்தது. ரேடியோவில் தெரிவது ஒரு சாட்சி, அகச்சிவப்பில் தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய சாட்சி என்றாய். இல்லாததைப் பார்ப்பதற்கும் ஒரு கண் வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நீ சொன்னது எனக்கு அவ்வளவு சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம் நம் மொட்டைமாடி. ராயபுரத்தில் வளர்ந்த பிள்ளை நட்சத்திரத்தைப் படிக்கப் போகிறது என்றால் யாரும் சிரிப்பார்கள். வடக்கே மணலி எண்ணெய் ஆலையில் எரிகிற தீயில் நம் வானம் என்றைக்குமே ஆரஞ்சு நிறம்தான், எண்ணினால் ஒரு கைக்குள் அடங்கும் நட்சத்திரம். ஆனால் துணி காயப்போட மாடிக்குப் போனால் காற்று எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். மூக்கில் காரமாக ஏறினால் உர ஆலை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல், கழுவி வைத்த எவர்சில்வர் தட்டில் வைத்த விரலில் சாம்பல் ஒட்டினால் எண்ணூர் அனல்மின் நிலையம். நாக்கில் கரித்தால் கடல். கண்ணுக்கு எல்லாம் ஒரே மூட்டம்தான். இதை உன்னிடம் சொன்னபோது, "அம்மா, நான் பண்றதும் இதேதாம்மா, கொஞ்சம் தூரத்துல இருக்கறத பண்றேன், அவ்ளோதான்" என்றாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

உன் வளையம் கிடைத்த வருஷம் இந்தத் தெருவே அதைத் தெரிந்துகொண்டது, அது உன் அப்பா செய்த வேலை. நம் கடைக்குக் கயிறு வாங்க வருகிற விசைப்படகுக்காரரில் இருந்து தார்ப்பாய் தைக்கக் கொடுக்கிற லாரிக்காரர் வரை ஒருத்தரையும் விடவில்லை. மீன் கொண்டுவரும் எஸ்தர்கூட ஒருநாள் கூடையை இறக்கிவைத்துக் கேட்டாள். "இன்னாக்கா, உன் பொண்ணு செத்துப்போன நட்சத்திரத்தத் தேடிகினு கீதாமே. உசுரோட கீற மாப்ள ஒருத்தனத் தேடச் சொல்லேன்." மாப்பிள்ளையெல்லாம் ரேடியோவில் தெரிய மாட்டாராம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கூடையில் இருந்த சங்கரா இரண்டு கீழே விழுந்தது. அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் போனபோது உன் அப்பா வழக்கம்போல உன் அண்ணன் கல்லறைத் திண்டில் உட்கார்ந்து, வருஷத்துச் சேதியெல்லாம் சொன்னார். கடைசியில் அதையும் சொன்னார். "ஏல சேவி, ஒன் தங்கச்சி வானத்துல ஒரு வளையம் கண்டுபிடிச்சிருக்கா. ஒரு நட்சத்திரம் செத்த எடமாம். அவ பேரு புஸ்தகத்துல வரப்போவுதுல." தூத்துக்குடியை விட்டு இங்கே வந்து இத்தனை காலமாகியும் அவரிடம் ஊர்ப் பேச்சு மிச்சமிருப்பது அந்த ஒரு இடத்தில்தான். சேவியோடு பேசும்போது அவர் மதராஸ்காரர் இல்லை.

பிறகு இந்த ஐப்பசி மழையில் எல்லாம் ஒன்றாக வந்தது. பழைய அகச்சிவப்புப் படத்தில் உன் வளையம் இருக்கும் இடத்தைப் பக்கத்து விண்மீனின் கண்கூசும் வெளிச்சம் மறைத்திருந்தது, அதனால்தான் அங்கே ஒன்றும் இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள். இப்போது அதே இடத்தைத் தெளிவாக எடுத்த படம் வந்துவிட்டது. வளையத்தின் விளிம்பு ஒரு விதமாகவும் உள்பக்கம் வேறு விதமாகவும், விளக்கேற்றி வைத்த மாதிரி நிறைந்து தெரிகிறது என்று நீ சொன்னபோது உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ரேடியோவில் மூன்றாவது அலைவரிசையிலும் பார்த்தீர்கள், மங்க வேண்டிய வளையம் மங்கவில்லை. அது எச்சம் இல்லை. பிள்ளை பெற்ற வீடு. உன் வழிகாட்டி கெட்ட மனுஷர் இல்லை, உன்மேல் இருக்கிற அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார். எச்சம் என்று போட வேண்டாம், "எச்சமாக இருக்கலாம்" என்று போடு, அகச்சிவப்பைப் பற்றி ஒரு வரி போதும், படத்தைச் சேர்க்க வேண்டாம், எக்ஸ்ரேயில் இன்னும் பார்க்கவில்லையே, பார்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்படி எழுதினால் ஆய்வேடு நிற்கும், ஜெர்மனியில் உனக்குச் சொல்லிவைத்திருக்கும் இடமும் நிற்கும். எழுதாவிட்டால் இரண்டும் போய்விடும். உதவித்தொகையும் முடிந்துவிட்டது. இவ்வளவுதான் நீ சொன்னது. அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதைச் சொல்லாமல், அந்த வாரம் கல்லறையில் நடந்ததைச் சொன்னேன்.

சேவி போனபோது நீ கைக்குழந்தை. நீ பார்த்த அண்ணன் என்பது அந்தத் திண்டு மட்டும்தான். மூளைக்காய்ச்சலில் போன பிள்ளைக்கு நாங்கள் அப்போது மரச்சிலுவைதான் வைத்தோம், எல்லோரும் அப்படித்தான் வைத்தார்கள். அதற்கு அடுத்து வந்த பெருமழையில் கல்லறைத் தோட்டத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மரச்சிலுவைகள் மண்ணை விட்டுக் கழன்று மிதந்தன. தண்ணீர் வடிந்த பிறகு தோட்டக்காரர் அவற்றையெல்லாம் பொறுக்கிச் சுவரோரம் குவித்துவைத்தார். ஒவ்வொரு குடும்பமாகப் போய் அவரவர் சிலுவையை அடையாளம் பார்த்து எடுத்து, அவரவர் இடம் என்று நினைத்த இடத்தில் மறுபடி நட்டோம். உன் அப்பா பூவரச மரத்தை வைத்துக் கணக்குப் பண்ணி நட்டார். மண்ணெல்லாம் சேறாக ஒரே மட்டமாகக் கிடந்தது, வேறு எதை வைத்துப் பார்ப்பது? சிலுவை நம்முடையதுதான், அதில் சந்தேகம் இல்லை. பின்னால் அதே இடத்தில் திண்டு கட்டி, சலவைக்கல்லில் பெயர் வெட்டிப் பதித்தோம். அதற்குப் பிறகு யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது. பெயர் இருக்கிறதே.

இந்த மழையில் திண்டு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. திருநாளுக்குள் சரி செய்துவிடலாம் என்று கொத்தனாரை அழைத்துப் போனேன், உன் அப்பா கடையில் இருந்தார். அவன் பக்கவாட்டில் தோண்டி அஸ்திவாரம் போடப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் கடப்பாரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "இன்னாமா, கொயந்தன்னு சொன்னீங்க. இது பெரிய பொட்டிமா." பலகையெல்லாம் மக்கிப்போயிருந்தது. ஆனால் இரும்புக் கைப்பிடி ஒன்று இந்த ஓரத்தில், இன்னொன்று எட்டி அந்த ஓரத்தில். "நாலு பேர் தூக்கினு வந்த பொட்டி இது" என்றான். பாப்பா, சேவியின் பெட்டிக்குக் கைப்பிடியே கிடையாது. உன் அப்பா யார் கையிலும் கொடுக்காமல் தானே இரண்டு கையில் ஏந்திக்கொண்டு வந்த பெட்டி அது. மழை தூறிக்கொண்டிருந்தது. "இன்னா பண்ணட்டும்மா? மூடிடட்டா?" என்று அவன் கேட்டான். மூடுங்க என்றேன். சிமெண்ட் பூசிப் பழையபடி ஆக்கச் சொன்னேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தாய். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். "நீ மட்டும் பாத்தும் மூடச் சொல்லிட்ட. நான் மட்டும் ஏம்மா தொறந்து காட்டணும்?" கோபத்தில் கேட்ட கேள்வி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதில் ஒரு பொய்யும் இல்லை.

அதற்கு மறுநாள் நான் உன் முறையில் இறங்கினேன். ஒரு பார்வையை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். உண்மையைச் சொன்னால், கைப்பிடியைப் பொய்யாக்க வேறு ஏதாவது கிடைக்காதா என்றுதான் தேடினேன். அடக்கத்தன்று எடுத்த ஒரே புகைப்படம் பீரோவில் இருக்கிறது, அதை நான் அதிகம் எடுப்பதில்லை. அதில் உன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் மதில் சுவர் தெரிகிறது. இப்போதைய திண்டில் இருந்து மதில் எட்ட இருக்கிறது, நடுவே கல்லறை வரிசைகளே இருக்கின்றன. பிறகு, வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் பழைய குழி வெட்டும் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு நம்மையெல்லாம் நினைவில்லை. அந்தக் காலத்தில் குழந்தைகளை எங்கே வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். "கொயந்தைங்கன்னா செவுத்தாண்டதான்மா. அந்த வரிசையெல்லாம் இப்ப ஏது. மண்ணு கொட்டி மேல ஏத்தி, அதும்மேல எத்தினியோ பேர வெச்சாச்சே." கைப்பிடி ஒன்று சொன்னது, படம் அதையே சொன்னது, அவரும் அதையே சொன்னார். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்த பிறகு நான்காவது ஒன்றைக் காரணம் காட்டுவது தேடுவது ஆகாது. உன் எக்ஸ்ரேயும் அப்படித்தான். அங்கே ஒன்றும் தெரியாவிட்டால் தூசி மறைத்திருக்கும் என்பீர்கள், இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். பொய் சொன்னதாக ஆகாது. அது எனக்கும் புரிகிறது.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு இந்த ஆசை நன்றாகத் தெரியும். நாளின் முடிவில் எங்கேயோ இடிக்கும்போது "இதர செலவு" என்று ஒரு வரி போட்டுவிட்டால் கூட்டல் நேராகிவிடும். யாரும் கேட்கப்போவதில்லை. நான் அப்படிப் போடுவதில்லை, இடிக்கிறது என்றே எழுதிவிட்டுப் படுப்பேன். ஆனால் கல்லறையில் அன்றைக்கு இதர செலவு என்றுதான் போட்டேன். "இருக்கலாம்" என்ற உன் வார்த்தையும் அந்த வரிதான்.

மூடிய பிறகு என்ன ஆயிற்று என்று உனக்குச் சொல்கிறேன், நான் சொல்லத் தகுந்தது இது ஒன்றுதான். எனக்கு ஜெபம் வரவில்லை. இத்தனை காலம் என் ஜெபத்துக்கு ஒரு விலாசம் இருந்தது. அந்தத் திண்டு, அந்தப் பூவரசு, அந்தச் சலவைக்கல். இப்போது கண்ணை மூடினால் இரண்டு இரும்புக் கைப்பிடி தெரிகிறது. சாமியாரிடம் சொன்னேன். ஆண்டவருக்குத் தெரியும் அம்மா, அவன் எங்கே இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும் என்றார். ஆண்டவருக்குத் தெரியும், அதை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. எனக்குத் தெரியவில்லையே. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெரிய பெட்டியில் இருப்பவர் யாரோ, ஆணோ பெண்ணோ, அவரைத் தேடிக்கொண்டு யாராவது அந்தத் தோட்டத்தில் அலைந்திருப்பார்கள். மழைக்குப் பிறகு வந்து பார்த்திருப்பார்கள், அங்கே சேவியரின் சிலுவை நின்றிருக்கும், சரி இது இல்லை என்று நகர்ந்து போயிருப்பார்கள். நாம் ஒருத்தரை இழந்தோம், இன்னொருத்தரை மறைத்தோம். நாம் தப்பான இடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் சுவரோரம் மண் கொட்டினார்கள். நம் பிள்ளை அங்கேதான் இருந்தான் என்று தெரிந்திருந்தால் உன் அப்பா குறுக்கே படுத்திருப்பார்.

உன் வளையத்துக்கும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். எச்சமாக இருக்கலாம் என்று பட்டியலில் ஏறிவிட்டால் அங்கே ஒரு பெயர்ப்பலகை நின்றுவிடும். இன்னொரு தேசத்துப் பிள்ளை ஒன்று அதை நம்பித் தன் வருஷங்களை அதில் போடும். அந்த வளையத்துக்கு உள்ளே இருக்கிறதே ஒரு இளம் விண்மீன், அதைப் பற்றி யாரும் விசாரிக்க மாட்டார்கள், அது சாவு வீடு என்று தாண்டிப் போய்விடுவார்கள். பட்டியலில் ஏறியதைப் பின்னால் எடுக்கிறார்கள் என்றும் நீ சொன்னாய். எடுப்பார்கள். ஆனால் அதுவரைக்கும் அந்த இரண்டு கைப்பிடி உன் கண்ணில் இருக்கும், அதை யாரும் எடுக்க முடியாது.

அதனால் என் பதில், மூடாதே. படத்தைச் சேர். இல்லை என்று எழுது. எழுதினால் உனக்கு நல்லது நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் அது பொய். ஜெர்மனி போய்விடும். எச்சம் இல்லை என்று எழுதிய ஆய்வேட்டை யார் எதற்குப் படிக்கப்போகிறார்கள் என்று நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. நீ இங்கே வந்தால் இந்தக் காற்றுதான், இந்தச் சாம்பல்தான், எஸ்தரின் கேலிதான். கல்லூரியில் ஏதாவது பாடம் எடுக்கக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கடையும் முன்னைப்போல் இல்லை, கன்டெய்னர் வந்த பிறகு தார்ப்பாய்க்கு யார் வருகிறார்கள். உன் அறையில் தார்ப்பாய் சுருள்களை அடுக்கியிருக்கிறோம், வேண்டுமென்றால் எடுத்துவிடலாம். எனக்குக் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

ஆனால் நான் மூடிவைத்துக்கொண்டு உன்னைத் திற என்று சொல்ல முடியாதே. அதனால் இந்தக் கடிதத்தைத் தொடங்குவதற்கு முன்னால் கடைக்குப் போய் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மத்தியானச் சாப்பாடு கொண்டுபோன நேரம், கடையில் யாரும் இல்லை. அவர் நைலான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கொத்தனார் தோண்டியதில் இருந்து ஒன்று விடாமல் சொன்னேன். கயிற்றைச் சுருட்டுவதை அவர் நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டே சுருட்டினார், முடிந்ததும் முடிச்சுப் போட்டார், பிறகு ஒரே ஒன்று கேட்டார்.

"கைப்பிடி இருந்துச்சா?"

இருந்தது என்றேன். தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல், "அப்ப நான் இத்தன வருஷமா யாருட்ட பேசிட்டு இருந்தேன்?" என்றார். சாப்பாட்டைத் திறந்து வைத்தேன். அவர் சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலமே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சலவைக்கல்லைப் பெயர்த்து எடுத்துவந்துவிட்டார். சிமெண்டுப் பையில் சுற்றி வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். கடையில் கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதன்மேல் எதையும் வைக்க விடுவதில்லை. என்னோடு கோபம் இல்லை, காப்பி கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. சேதி சொல்ல இடம் இல்லாமல் போனவர் மாதிரி இருக்கிறார். உன் படத்தைப் பற்றியும் சொன்னேன். அது எச்சம் இல்லையாம் என்றேன். தலையை ஆட்டினார். "அவன்ட்ட வேற சொல்லிட்டனே" என்றார். பிறகு அவருக்கே நினைவு வந்தது, அவனிடம் சொல்லவில்லை என்று.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். கல்லறை எது என்று தெரியாமல் போனவர்கள் தோட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், உனக்கு நினைவிருக்கும். கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், ஒருவர் மெழுகு இன்னொருவர் மெழுகோடு உருகி ஒன்றாகிவிடும். வருஷா வருஷம் நாம் பூக்கூடையோடு அவர்களைத் தாண்டித்தான் போவோம். "பாவம், எடம் தெரியாதவங்க" என்பார் உன் அப்பா. இந்த வருஷம் நாங்கள் அங்கேதான் நிற்கப்போகிறோம். நீ அதற்குள் எழுதி முடித்துவிடுவாயா, வருவாயா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இன்று காலையில் மெழுகுவர்த்தி வாங்கப் புறப்பட்டபோது உன் அப்பா கூப்பிட்டு, ஒன்று சேர்த்து வாங்கச் சொன்னார். யாருக்கு என்றேன். பெயர்க்கல்லைப் பெயர்த்தெடுத்த அந்தத் திண்டுக்காம். "ஏத்தி வச்சிட்டு வந்துருவோம். பேசல்லாம் மாட்டேன். ஆருன்னு தெரியாதுல்லா."

வாங்கிவைத்திருக்கிறேன்.

அம்மா